எழுத்தில் வராத 'வா'

சிவகாசி
9 பிப்ரவரி 2025

மகள் பிரீத்திகாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உன் அண்ணன் சரவணக்குமாரும் மதினி ஐஸ்வர்யாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் உன் வீட்டுக்காரரும் சுகமா? நாசரேத்தில் தண்ணீர் எப்படி, உப்பா, நல்ல தண்ணீரா?

ஆறு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. உன் பெரியப்பா பெத்தணன் போன ஆவணியில் போய்ச் சேர்ந்தார். மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை.

நான் இப்போது மாணவன். சிரிக்காதே. அச்சாபீஸை விற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து உன் மதினியைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தேன். கடைசியில் தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. வரலாறு சேர்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை விருதுநகரில் வகுப்பு. முதல் நாள் நான் உள்ளே போனதும் அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று 'குட்மார்னிங் சார்' என்றார்கள். "உக்காருங்கலே, நானும் பீஸ் கட்டிட்டுத்தான் வந்திருக்கேன்" என்றேன்.

விருப்பப் பாடமாக நான் எடுத்தது 'பண்டைய சமயங்களும் கிறிஸ்தவத்தின் பரவலும்'. எதற்கு இது என்று கேட்பாய். என் மகளை எது கூட்டிக்கொண்டு போனது என்று தெரிய வேண்டாமா? அதில் ஏதாவது ஓட்டை கிடைத்தால் உன்னை மடக்கலாம் என்றும் ஒரு ஆசை.

பாடம் நடத்துவது ஷாஹிதா மேடம். உன் வயதுதான் இருக்கும். போன வாரம் அவர்கள் சொன்னார்கள், ஆதித் திருச்சபையைக் கட்டிச் சேர்த்ததே கடிதங்கள்தான் என்று. சிறையில் கிடந்தவர்கள், நேரில் போய்ப் பேச வழியில்லாதவர்கள், ஊர் ஊராக எழுதி அனுப்பினார்களாம். எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் குலதெய்வக் கோயிலில் சரவணன் தலையில் என் கையை வைத்து, பெரியப்பா சொல்லச் சொல்ல நான் செய்த சத்தியம் உனக்குத் தெரியும். உன்னோடு நேரிலும் பேச மாட்டேன், போனிலும் பேச மாட்டேன், ஆள் விட்டும் பேச மாட்டேன், பேசினால் என் மகன் எனக்கில்லை. வாட்ஸ்அப் வரைக்கும் அவர் சேர்த்தார். தபாலைச் சேர்க்கவில்லை. இந்தக் காலத்தில் எவன் கடுதாசி எழுதுகிறான் என்று விட்டிருப்பார்.

அதனால் எழுதுகிறேன். பதில் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

அப்பா
சண்முகவேல்


நாசரேத்
1 மார்ச் 2025

அப்பாவுக்கு பிரீத்திகா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். உங்களுக்குச் சுகர் எவ்வளவு இருக்கிறது? காலையில் நடக்கிறீர்களா, அல்லது நடந்ததாகச் சொல்லிவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறீர்களா?

உங்கள் கவரைப் பிரிக்காமல் இரண்டு நாள் அரிசி டப்பா மேல் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் ஜெபராஜ்தான், "பிரிச்சுப் பாரு, கடிச்சிரவா செய்யும்" என்றார். அம்மா இருந்திருந்தால் இந்த ஆறு வருஷம் ஆறு மாசத்தோடு முடிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை எதுவும் கூட்டிக்கொண்டு போகவில்லை அப்பா. நானாகத்தான் நடந்து போனேன். ஓட்டை தேடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கே சில தெரியும். உங்களுக்குப் புதிதாகக் கிடைத்தால் எழுதுங்கள், எங்கள் போதகரிடம் கேட்டு வைக்கிறேன்.

அண்ணன் வேலை பார்க்கிற பட்டாசு கம்பெனியில் சீசன் ஆர்டர் வரத் தொடங்கியிருக்கும். மருந்து அறைப் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றிப் போட்டுப் போகச் சொல்லுங்கள். அவன் மறந்துவிடுவான்.

பிரீத்திகா

தண்ணீர் உப்புத்தான்.


சிவகாசி
23 மார்ச் 2025

மகள் பிரீத்திகாவுக்கு,

சுகர் நூற்று எண்பது. டீக்கடையை உனக்கு யார் சொன்னது? நீங்கள் இருவரும் சுகம் என்று எழுதியது சந்தோஷம்.

உன் கடிதத்தின் தலையில் நீ சிலுவை போடவில்லை. நானும் பிள்ளையார் சுழி போடவில்லை. இரண்டு பேரும் பேசி வைத்தது மாதிரி இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். சரவணன் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் நல்லாத்தான்ப்பா பயப்படுதீக" என்றான்.

பாடத்துக்கு வருகிறேன். ரோமாபுரியில் ஒரு சக்கரவர்த்தி உத்தரவு போட்டிருக்கிறான், எல்லோரும் நம் தேவதைகளுக்குப் பலி கொடுத்துச் சாம்பிராணி போட வேண்டும் என்று. போட்டவனுக்கு அதிகாரி ஒரு சான்றிதழ் எழுதிக் கொடுப்பான். போடாதவனுக்குச் சிறை, சில ஊரில் சாவு. ஒரு சிட்டிகை சாம்பிராணி, அவ்வளவுதான். நான் வகுப்பில் எழுந்து, "ஒரு சிட்டிகையில என்ன மேடம் கொறஞ்சு போகும்? போட்டுட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான" என்று கேட்டேன். மேடம் சிரித்துக்கொண்டே, "அதே மாதிரி சக்கரவர்த்தியும் ஒரு சிட்டிகைதானேன்னு விட்டிருக்கலாமே சார்" என்றார்கள். பையன்கள் கை தட்டினார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது சாத்தூர்க்காரப் பையன் தருண்குமார் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தான். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின நாள் நான் உன்னிடம் கேட்டதும் ஒரு சிட்டிகைதான். திருநீற்றை நெற்றியில் வைத்துக்கொள், உன் இஷ்டப்படி யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள் என்றேன். நீ மாட்டேன் என்றாய். நான் 'வெளியே போ, இனிமே இந்த வாசலை மிதிக்காத' என்றேன்.

நான் செய்தது தப்பு என்று எழுதவில்லை. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் என்ன எழுதுவேன் என்றுதான் யோசிக்கிறேன்.

அப்பா


நாசரேத்
17 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

சுகர் நூற்று எண்பது என்றால் கூடுதல். இனிப்பைக் குறைத்தீர்களா? நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு மேலும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது.

நாலாவது மாதம். ஆறு வருஷம் காத்திருந்து, இரண்டு முறை நின்று நின்று கலைந்து, இப்போதுதான் டாக்டர் 'இது நிக்கும்' என்று சொன்னார். கலைந்தபோதெல்லாம் உங்களிடம் யார் சொல்வது? அண்ணனிடமும் சொல்லவில்லை. புரட்டாசியில் பிறக்கும்.

தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் பார்ப்பார்கள். என் மாமியார் நல்லவர்கள், இங்கேயே பார்க்கிறேன் என்கிறார்கள். எனக்குத்தான் நம் வீட்டு நடு அறையில், அம்மாவின் கட்டிலில் படுக்க வேண்டும் போலிருக்கிறது. ஆசைக்கு வெட்கமே இல்லை.

ஆனால் கூப்பிடாமல் வர மாட்டேன். சாமானோடு வந்து நிற்கவும் மாட்டேன். எந்த வாயால் 'போ' என்றீர்களோ அந்த வாயால் 'வா' என்று சொல்லுங்கள். ஒரே ஒரு சொல். நீங்கள் பேசக்கூட வேண்டாம், அதை மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

உங்கள்
பிரீத்திகா


சிவகாசி
4 மே 2025

என் மகள் பிரீத்திகாவுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். பேரீச்சம்பழம் சாப்பிடு. வெயிலில் போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். உன் மதினி செய்தி கேட்டு அழுதுவிட்டாள். நான் அழவில்லை, எனக்குக் கண்ணில் தூசி.

உன் கடிதம் வந்த அன்று மாலையே குலதெய்வக் கோயிலுக்கு ஓடினேன். பூசாரியிடம், சத்தியத்தை எடுக்க என்ன வழி, கிடா வெட்டணுமா, அலகு குத்தணுமா, எதுவானாலும் செய்கிறேன் என்றேன். அவர் திருநீற்றுத் தட்டைக் கீழே வைத்தார். "தலையில அடிச்ச சத்தியத்த சாமி எடுக்காது அண்ணாச்சி. யாரு வாங்குனாங்களோ அவுகதான் திருப்பித் தரணும்" என்றார். வாங்கியவர் பெரியப்பா. அவரை எரித்துச் சாம்பலையும் ராமேஸ்வரத்தில் கரைத்தாயிற்று.

சரவணனிடம் சொன்னேன். "என் தலைக்கு ஒண்ணும் ஆகாது, போனைப் போட்டுப் பேசுங்க" என்று சிரிக்கிறான். அவன் காலையில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எங்கே போகிறான்? ஆனைக்குட்டத்துக்குப் பட்டாசு கம்பெனிக்கு. ஒரு பொறி போதும். வேறு தொழில் செய்கிறவன் தலை என்றால் நான் என்றைக்கோ பேசியிருப்பேன்.

ஆகவே எழுதுகிறேன்: வா. வா தாயி. நம் வீட்டுக்கு வா. எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். இதை நான் சொன்னதாக எடுத்துக்கொள்.

அப்பா


நாசரேத்
21 மே 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குழந்தையும் நலம், நேற்றுத்தான் ஸ்கேன். உங்கள் சுகர் குறைந்ததா?

உங்கள் 'வா'வை எத்தனையோ முறை படித்துப் பார்த்தேன். உங்கள் கையெழுத்து அழகு, அது தெரிந்ததுதான். அதில் சத்தம் வரவில்லை அப்பா. ஊரறிய 'போ' என்றது காதில் விழுந்தது. 'வா' மட்டும் பேப்பரில் வந்தால் எப்படிச் சாமான் கட்டுவது?

உங்களைக் குறை சொல்லவில்லை. அண்ணன் தலையை நான் விலை கேட்க மாட்டேன். எனக்கும் அவன்தானே ஒருத்தன். இப்படியே இருக்கட்டும்.

பிரீத்திகா


நாசரேத்
19 ஜூன் 2025

அப்பா,

நலமாக இருக்கிறீர்களா என்று கேட்பதற்கே தயக்கமாக இருக்கிறது.

திங்கள்கிழமை போன் செய்தது நீங்கள்தானே? உங்கள் நம்பர் இன்னும் எனக்கு மனப்பாடம். எடுத்தேன். சின்ன வயதில் என்னைக் கூப்பிடுகிற மாதிரி "ஏளா" என்றீர்கள். ஒரே சொல். அதற்குப் பிறகு ஏதோ கண்ணாடி விழுந்த மாதிரி சத்தம், கட்டாகிவிட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை.

கோபத்தில் வைத்தீர்களா? மனசு மாறிவிட்டதா? இதையாவது எழுதுங்கள்.

பிரீத்திகா


சிவகாசி
20 ஜூலை 2025

என் தாயி பிரீத்திக்கு,

ஒரு மாதம் பேனாவைத் தொட முடியவில்லை. மன்னித்துக்கொள். உடம்பு எப்படி இருக்கிறது? பிள்ளை உதைக்கிறதா?

அன்று எப்படியோ துணிந்துவிட்டேன். சாமியாவது பூதமாவது, பாடத்தில் எத்தனை சாமிகள் வந்து போயிருக்கின்றன என்று நெஞ்சை உறுதி செய்துகொண்டு உனக்குப் போன் போட்டேன். "ஏளா" என்றேன். அடுத்த சொல் 'வா'தான், நாக்கு நுனியில் இருந்தது. ஆனைக்குட்டம் பக்கம் வெடிச் சத்தம். நம் ஜன்னல் கண்ணாடி கழன்று விழுந்தது. போன் எங்கே விழுந்தது என்றே எனக்குத் தெரியாது. செருப்புக்கூடப் போடாமல் ரோட்டுக்கு ஓடினேன்.

உன் அண்ணன் கம்பெனி இல்லை, பக்கத்தில் வேறொன்று. சரவணன் வேலியைத் தாண்டிப் போய் ஆட்களை இழுத்துப் போட்டிருக்கிறான். முழங்கையில் தீக்காயம், இப்போது ஆறிவிட்டது. ஆனால் பாண்டிலட்சுமி போய்விட்டாள். முன்பு நம் அச்சாபீஸில் லேபிள் வெட்டுவாளே, பள்ளிக்கூடத்துக்கு உனக்குத் தலை பின்னிவிடுவாளே, அவள்தான்.

மருந்து உராய்ந்ததுதான் காரணம் என்று அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். மழை பெய்யாவிட்டாலும் ஆறு பெருகினாலும் ரோமாபுரிக்காரர்கள் கிறிஸ்தவர்களால்தான் வந்தது என்பார்களாம். அதைப் படித்தபோது மடையர்கள் என்று சிரித்தேன். இப்போது நானும் என் ஒரு சொல்லால்தான் வெடித்தது என்று நினைக்கிறேன். மடத்தனம் என்று எனக்கே தெரிகிறது. தெரிந்தும் போனைக் கண்டால் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். இனி என்னால் முடியாது பிரீத்தி.

ஆனால் ஒன்று தோன்றியது, கேள். உன்னோடுதான் பேச மாட்டேன் என்று சத்தியம். 'ஆள் விட்டும்' என்றால் நான் அனுப்புகிற ஆள். பேரப்பிள்ளை நான் அனுப்புகிற ஆளா? அது ஆண்டவன் அனுப்புகிற ஆள், உன் ஆண்டவனோ என் ஆண்டவனோ. பிறந்த அன்றைக்கே வருவேன். மடியில் போட்டுக் கொஞ்சுவேன். "ஒங்கம்மாவக் கூட்டிட்டு நம்ம வீட்டுக்கு வா" என்பேன். பக்கத்தில் நீ படுத்திருப்பாய். உன் காதை நான் பொத்தவா முடியும்?

பிரசவம் அங்கே நடக்கட்டும். முப்பது நாள் கழித்து இங்கே வா.

அப்பா


நாசரேத்
3 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

பாண்டிலட்சுமி அக்காவை நினைத்து ஒரு நாள் முழுக்க அழுதேன். அண்ணன் கையில் தேங்காய் எண்ணெய் போடச் சொல்லுங்கள்.

உங்கள் யோசனையை ஜெபராஜிடம் படித்துக் காட்டினேன். "ஒங்கப்பா வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார். நான் சிரித்தேன். வயிறு குலுங்கினால் உள்ளே ஒருத்தி உதைக்கிறாள். பெண்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. தினமும் அவளிடம் சொல்கிறேன்: தாத்தா வருவார், ஒன்று சொல்வார், கவனமாகக் கேட்டுக்கொள், நாம் அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

டாக்டர் கொஞ்சம் படுத்தே இருக்கச் சொல்லியிருக்கிறார். வேறொன்றும் இல்லை. உங்கள் பரீட்சை எப்போது?

உங்கள்
பிரீத்தி


சிவகாசி
24 ஆகஸ்ட் 2025

என் மகளுக்கும் என் பேத்திக்கும் தாத்தா எழுதுவது.

இருவரும் சுகம்தானே? எதற்குப் படுத்திருக்கச் சொன்னார்? விவரமாக எழுது.

பரீட்சை முடிந்தது. கை விரல் வீங்கிவிட்டது. நல்ல கேள்வி ஒன்று வந்தது. சாம்பிராணி போட்டுச் சான்றிதழ் வாங்கிப் பிழைத்தவர்கள், ஆபத்து நீங்கிய பிறகு எங்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வந்து நின்றார்கள். என்ன செய்தார்கள்? பிற்காலத்தில் சில ஊர்களில் அப்படிப்பட்டவர்களைப் படிப்படியாகச் சேர்த்தார்கள். முதல் படிக்கு 'அழுவோர்' என்று பெயர். கோயிலுக்குள் விட மாட்டார்கள். வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் எனக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று அழ வேண்டும். வருஷக்கணக்கில் நின்றிருக்கிறார்கள்.

நாலு பக்கம் எழுதினேன். பேப்பர் திருத்துகிறவர் என்ன நினைப்பாரோ.

உன் மதினி அம்மாவின் கட்டிலை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள். சரவணன் தொட்டில் கம்பி வாங்கிவிட்டான். நான் தினமும் குளிக்கும்போது என் பேத்தியோடு பேசிப் பழகுகிறேன். மதினி காதில் விழுந்து, "யாருகூட மாமா பேசுதீக?" என்கிறாள்.

தாத்தா


சிவகாசி
21 செப்டம்பர் 2025

பிரீத்தி,

நாங்கள் சுகம். உன்னிடமிருந்து தபால் இல்லை. பரவாயில்லை, எழுத முடியாத நேரம். ஆனாலும் ஒரு வரி போடு. சரவணன் மாப்பிள்ளையிடம் பேசினான். "நல்லாத்தான் இருக்கா" என்றாராம். அவர் குரல் சரியில்லை என்று இவன் சொல்கிறான். நான் போனை எடுத்து எடுத்து வைக்கிறேன்.

சட்டை தேய்த்து மாட்டியிருக்கிறேன். சொன்னால் அன்றைக்கே வருவேன்.

அப்பா


நாசரேத்
12 அக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் எழுந்து நடக்கிறேன். கஞ்சி குடிக்கிறேன். நீங்கள் மாத்திரை போடுகிறீர்களா? அன்றைக்கு உங்கள் முகம் கறுத்துப்போயிருந்தது.

உங்கள் கடைசிக் கடிதம் வந்தபோது அசைவு நின்று ஒரு நாள் ஆகியிருந்தது. எப்படி எழுதுவேன்? நீங்கள் சட்டை தேய்த்து மாட்டியிருந்தீர்கள்.

பிள்ளை உயிரில்லாமல் பிறந்தாள் என்று ஜெபராஜ் போன் பண்ணியதும் நீங்களும் அண்ணனும் வந்துவிட்டீர்கள். வீட்டுக்குள் அண்ணன் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். நீங்கள் வாசலிலேயே நின்றீர்கள். போதகர் உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே போகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டுக்கொண்டு நின்றதாக என் மாமியார் சொன்னார்கள். "ஒங்கப்பா ஏன் இப்படி அழுதுக்கிட்டு வெளிய நிக்காக?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியும், சொல்லவில்லை.

பல் முளைக்காத பிள்ளையை நாமும் எரிக்க மாட்டோம், ரோமாபுரிக்காரர்களும் எரிக்க மாட்டார்கள், எல்லாரும் மண்ணில்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டருகே யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தீர்களாம். பேச ஆள் கிடைத்தால் பாடம் நடத்துவீர்கள், எனக்கு அது தெரியாதா.

எல்லோரும் போன பிறகு நீங்கள் உள்ளே வந்தீர்கள். நான் அங்கே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்தீர்கள். முட்டி போட முடியாத முட்டியைப் போட்டு, மண்ணுக்குப் பக்கத்தில் குனிந்து, குளிக்கும்போது பழகின அதே பேச்சைப் பேசினீர்கள்.

"தாயி, நான் ஒன் தாத்தா வந்திருக்கேன். லேட்டாயிருச்சு. ஒங்கம்மாவ நம்ம வீட்டுக்கு வரச் சொல்லு. தாத்தா கூப்பிட்டேன்னு சொல்லு. நீ சொன்னாக் கேப்பா."

அவள் சொல்லிவிட்டாள் அப்பா.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறுகிறேன். சாமான் அதிகம் இல்லை, ஒரு பைதான். நான் வந்த பிறகும் நீங்கள் என்னோடு பேச வேண்டாம். அண்ணன் தினமும் நல்லபடியாக வீட்டுக்குத் திரும்பி வரட்டும். கதவை மட்டும் திறந்து வையுங்கள்.

உங்கள்
பிரீத்தி